நனையாத காகிதம்

1. மாமா இறந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன்.

2. அம்மா அழவில்லை.

3. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அதைப் பந்தலில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டினாள். அன்றோடு அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

4. அடுத்து வந்த வருடங்களில் அம்மாவின் கன்னங்கள் இரண்டும் காதுக்கு முன்னால் உப்பின. உடம்பு தேறிவிட்டது என்றார்கள்.

5. வலது கன்னத்தில் இருந்த உப்பல் கெட்டியானது. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. ரவிக்கை தொளதொளத்தது.

6. திருப்பதியில் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

7. ரத்த உறவில் யாருக்காவது மூட்டு நோய், தைராய்டு, தோல் நோய், ரத்தத்தில் நோய் உண்டா என்று மருத்துவர் கேட்டார். யாருக்கும் இல்லை என்று நைனா, என் அப்பா, பதில் சொன்னார்.

ஏழாவதில் தவறு இருக்கிறது. நைனா பொய் சொல்லவில்லை, ஆனாலும் தவறு.

தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். செல்போனுக்குள் உட்காரும் சிறிய பச்சைப் பலகைகள் எங்கள் கைக்கு வரும். ஒன்று பழுதானால், என்ன நடந்தது என்பதை முதலில் வரிசையாக எழுத வேண்டும். ஏன் என்பதை அப்புறம்தான் எழுதலாம். காரணத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டால், நடந்ததைக் கை தானாகவே அதற்கு ஏற்றாற்போல் வளைத்து எழுதிவிடும். அம்மாவின் விஷயத்தையும் அந்தப் பழக்கத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியை எழுதியபோதுதான் தெரிந்தது, எங்கள் ஜனங்கள் எல்லோரும் காரணத்தை முதலிலேயே எழுதி முடித்திருந்தார்கள் என்று.

அம்மா பிறந்த ஊர் நாகலாபுரத்தை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊர் புத்தூர் பக்கம். பிறந்த வீட்டில் சாவு என்றால், கட்டிக்கொடுத்த பெண் தெருமுனையில் இறங்கும்போதே அவள் குரல் எழ வேண்டும். அதைக் கேட்டு உள்ளே இருக்கும் பெண்கள் எழுந்து வருவார்கள். ஒவ்வொருத்தியாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். வரப்புச் சண்டையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள்கூட அந்த நேரத்தில் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் சாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். குரல் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே உடைந்து வறட்டு இருமலாகிவிட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு நேரே மாமாவின் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. கன்னம் காய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

அது பெரிய குற்றமாகிவிட்டது.

"பாத்தியா, வந்ததும் வராததுமா தண்ணி கேக்குது."

"தூரமா கட்டிக்குடுத்தா நெஞ்சும் தூரமா பூடும்போல."

சின்னம்மா அதுவரை மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. எழுந்து வந்து அம்மாவின் எதிரில் நின்றாள்.

"யக்கா, நம்ம அண்ணன்க்கா இது. ஒன்ன தோள்ல தூக்கிக்கினு ஸ்கூலுக்கு போனவன். ஒரு சொட்டு வரலயே ஒனக்கு. ஊராளுங்கெல்லாம் அழுவுறாங்க, நீ குந்திக்கினு வேடிக்க பாக்கற."

"வர மாட்டேன்னுது பாப்பா. நான் இன்னா பண்ணட்டும்?"

"அண்ணன் போனதுக்கு அழுவாதவ யாருக்கு அழுவப் போற. நான் செத்தா நீ வராத. இந்த வூட்டு வாசல மிதிக்காத."

சின்னம்மாவை அம்மா பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அன்றோடு அது நின்றுபோனது. அம்மா சண்டை போடவில்லை, வாசலையும் மிதிக்கவில்லை. சின்னம்மா வீட்டு விசேஷங்களுக்குப் பத்திரிகை வரும். நைனா மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். "அவ இன்னா சொன்னா?" என்று அம்மா கேட்பாள். "ஒண்ணியும் சொல்லல" என்பார். அதோடு முடிந்துவிடும்.

வீட்டில் அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு இருக்கும். ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர். நைனா கேலி செய்வார்.

"ஏமே, சோறு துன்றியா, நாத்துக்கு தண்ணி கட்றியா?"

"உன் வூட்டு நெல்லு அப்படி. தண்ணி இல்லாம எறங்க மாட்டேன்னுது."

காலையில் எழுந்ததும் கண்ணில் மண் விழுந்ததுபோல இருக்கிறது என்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள். விறகு அடுப்பு இருந்தவரை புகை என்றோம். எரிவாயு அடுப்பு வந்த பிறகு டிவி என்றோம். கன்னம் உப்பியபோது அக்கம்பக்கத்தில் அதைச் சந்தோஷமாகவே பேசினார்கள். "மூஞ்சி பூரிச்சிகீது. பொண்ணு வேலைக்கு போன சம்பளம் கன்னத்துல தெரியுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அம்மாவும் சிரித்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது.

திருப்பதியில் அந்தக் கேள்வியைத் தெலுங்கில் கேட்டார்கள். நைனா தெலுங்கிலேயே பதில் சொன்னார். நாற்காலியில் நோயாளியாக உட்கார்ந்திருந்தது அம்மா. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியோ, ரேஷன் கடையோ, மண்டல ஆபீஸோ, எங்கே கேள்வி கேட்டாலும் ஆம்பிளைதான் பதில் சொல்வார். நைனா மனதுக்குள் தன் அப்பாவை எண்ணினார், அண்ணன் தம்பிகளை எண்ணினார், அவர்கள் பிள்ளைகளை எண்ணினார். எல்லோரும் திடமாக இருந்தார்கள். இல்லை என்றார். கட்டிக்கொண்டு வந்த அன்றிலிருந்து அம்மா அந்த வீட்டு ஆள். அவள் ரத்தமும் கூடவே வந்துவிட்டதாகத்தான் அவர் கணக்கு. அம்மாவும் திருத்தவில்லை. பிற்பாடு கேட்டபோது, "அவுரு வூட்ட கேக்குறாங்கன்னு நெனச்சேன். எனக்கு வேற வூடு ஏது?" என்றாள்.

இரண்டாவது முறை மருந்து ஏற்றிய அன்று, வார்டில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் அம்மா பிஸ்கட் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கடி, ஒரு மடக்கு. அவர் நைனாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் தமிழிலேயே கேட்டார். எவ்வளவு நாளாக இப்படி? கண் உறுத்துமா? அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை மடித்து, கீழ் இமைக்குள் அதன் நுனியைச் செருகினார்கள். கண்ணை மூடிச் சில நிமிடம் இருக்க வேண்டும். கண்ணீர் ஊறினால் காகிதம் மேலிருந்து கீழே நனைந்துகொண்டு வரும். எதுவரை நனைந்தது என்று அதிலிருக்கும் கோடுகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

"இன்னாம்மா, கண்ணுல சீட்டு வெச்சிட்ட? பஸ்ஸு டிக்கெட்டா?" என்றாள் அம்மா. காகிதம் வைத்த பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் சிரித்தாள்.

எடுத்தபோது காகிதம் வைத்தபடியே இருந்தது. இரண்டு கண்ணிலும். நான் வேலையில் எத்தனையோ சோதனைப் பட்டைகளைப் பார்த்தவள். அளவு எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். தொடங்கவே இல்லை.

அந்த இளம் மருத்துவர் வார்டுக்கு வந்து விளக்கினார். கண்ணீரும் எச்சிலும் சுரக்கும் இடங்களை உடம்பே தாக்கி வறளச் செய்கிற நோய் இது. பல வருடங்களாக இருந்திருக்கும். கன்னம் உப்பியதும் அதனால்தான். பிறகு, ஏதோ நினைத்தவர்போல, "அழுதால் கண்ணீர் வருமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணோரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அழுவ வரும்மா. தண்ணிதான் வராது."

நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருத்துவர் மறுபடி அந்தப் பழைய கேள்விக்கு வந்தார். கூடப் பிறந்தவர்கள்? நைனா வாயைத் திறந்தார். அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஒரு அண்ணன் இருந்தாரு, பூட்டாரு. கழுத்துல கட்டியும் காய்ச்சலுமா கெடந்தாரு. ஒரு தங்கச்சி கீறா. அவளுக்கு ஒடம்பு எப்படி கீதுன்னு எனக்கு தெரியாது. நாங்க பேசறதில்ல."

தெரிந்துகொண்டு வரச் சொன்னார் மருத்துவர். அண்ணனுடைய காகிதம் ஏதாவது இருந்தாலும் நல்லது என்றார்.

சின்னம்மாவின் ஊருக்கு பஸ்ஸில் நான் மட்டும் போனேன். பிச்சாட்டூர் தாண்டும்வரை என்ன பேசுவது என்று வரிசை போட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்று, நலம் விசாரிப்பு. இரண்டு, அம்மாவின் நோய். மூன்று, மருத்துவரின் கேள்விகள். சின்னம்மா கதவைத் திறந்ததும் அந்த வரிசை உதவவில்லை. அவள் தாழ்ப்பாளை விரல்களால் திறக்கவில்லை. மணிக்கட்டால் தள்ளித் திறந்தாள். விரல்கள் எல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"கேள்விப்பட்டேன்" என்றாள். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது? உங்கம்மா அனுப்சாளா?"

"டாக்டர் அனுப்புனாங்க சின்னம்மா."

"அதானே. அவ எங்க அனுப்பப் போறா."

காப்பி போட்டாள். டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்து எடுத்துவந்தாள். முடக்குவாதம் என்று திருவள்ளூரில் சொன்னார்களாம். அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாளாம். மாமா போன மறுவருடமே தொடங்கியதாம். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. கல்யாண வீடுகளில் நைனா ஆம்பிளைகள் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அவள் கையைப் பார்த்திருக்க வழியில்லை.

மாமாவின் காகிதங்களைக் கேட்டேன். எங்கள் ஜனங்களில், செத்தவர் படுத்த பாயையும் துணியையும் பாடையோடு எடுத்துப்போய்ச் சுடுகாட்டில் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிப் பையையும் அதோடு சேர்த்துவிட்டார்களாம். "வூட்டுல வெச்சா இன்னொருத்தர கூப்புடும்னு சொன்னாங்க" என்றாள் சின்னம்மா.

பிறகு கண்ணில் வைத்த காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். நனையவில்லை என்பதையும், அம்மா மருத்துவரிடம் சொன்ன பதிலையும் சொன்னேன். சின்னம்மா கேட்டுக்கொண்டே எழுந்து சாமி மாடத்துக்குப் போனாள். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து. அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த அதே மருந்து.

"எனக்கும் இப்ப ரெண்டு வருசமா வரதில்ல. கைக்கு வந்தவங்களுக்கு இதுவும் வரும்னாங்க." அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்ப, பந்தல்ல அவளுக்கு..."

புடவை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

வார்டில் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முடி முழுக்க உதிர்ந்திருந்தது. சின்னம்மா கட்டிலருகே போய் நின்றாள். கூப்பிடவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, கை இப்படி ஆயிட்ச்சி?"

"நீ மட்டும் இன்னா. திருப்பதிக்கு வந்து மலைக்குப் போவாமயே முடிய குடுத்துட்ட."

"படி ஏற முடியல. இங்கயே எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்னம்மா கஞ்சியைக் கரண்டியில் எடுக்கப் பார்த்தாள், கரண்டி நிற்கவில்லை. நான் வாங்கப் போனேன். "நீ வுடு" என்றாள். டம்ளரிலேயே ஊற்றி, இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். ஒரு மடக்கு கஞ்சி, ஒரு மடக்குத் தண்ணீர். தண்ணீரை அம்மா கேட்கும்படி விடவில்லை. அவளே கொடுத்தாள். அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் அவள் அங்கேதான் இருந்தாள்.

"ஏ, என் மருந்து தீந்துபோச்சி, ஒன்னுத குடு" என்பாள் அம்மா. "நல்லா கேளு. சின்ன வயசுல மை டப்பாவும் இப்படித்தான் புடுங்கிக்குவ" என்பாள் சின்னம்மா. ஒருவர் கண்ணில் ஒருவர் விட்டுக்கொள்வார்கள். சின்னம்மாவின் கையால் புட்டியை அழுத்த முடியாது. அம்மாவின் கை நடுங்கும். பாதி மருந்து காதில் போகும்.

மருத்துவரிடம் நான் தனியாகப் பேசினேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குகின்றன. ஒருவருக்கு மூட்டில், ஒருவருக்குத் தைராய்டில், அம்மாவுக்குக் கண்ணீர் ஊறும் இடத்தில். வருடக்கணக்காக ஓய்வில்லாமல் கிளர்ந்துகொண்டிருக்கும் அந்த அணுக்களில் ஏதோ ஒன்று சிலருக்குக் கட்டு மீறிப் பெருகத் தொடங்கும். அப்போது அது புற்று. இந்த இரண்டு வகை நோயும் ஒரே குடும்பத்துக்குள் வேறு வேறு ஆட்களிடம் தலைகாட்டுவதும் உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் புற்று வருவதில்லை.

முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "கன்னம் உப்பும்போதே கவனித்திருப்போம். அதற்கு மேல் சொல்ல முடியாது" என்றார். மாமாவுக்கு இருந்தது இதேதானா? "காகிதம் இல்லாமல் எப்படிச் சொல்வது?" எனக்கு வருமா? "வரலாம் என்பதற்கும் வரும் என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறதம்மா. பயப்பட வேண்டாம். மறைக்கவும் வேண்டாம்."

கடைசியாக ஏற்றிய மருந்துக்குப் பிறகு அம்மாவின் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கின. காய்ச்சல் வந்தது, மார்பில் சளி கட்டியது. ஒரு மத்தியானம் நைனாவும் சின்னம்மாவும் நானும் பக்கத்தில் இருக்கும்போது அம்மா இறந்தாள். நைனா அவள் தலைமாட்டில் இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீரை வாயில் விட்டார். அது உள்ளே இறங்கவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்தோம். குளித்து மாற்றுப்புடவை கட்டிக்கொண்டு வர சின்னம்மா தன் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது முறைப்படி தெருமுனையிலேயே குரல் எடுத்தாள். இந்தத் தெருவில் அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. அம்மாவின் காலடியில் விழுந்து அழுதாள். கண்கள், மாமாவின் சாவன்று அம்மாவுக்கு இருந்ததுபோலவே சிவந்து, காய்ந்திருந்தன. நடுவில் உறுத்தல் தாங்காமல் இடுப்பிலிருந்து புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அவள் கண்ணில் விட்டேன்.

பந்தலில் பின்னால், அம்மா பிறந்த ஊரிலிருந்து வந்திருந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாடி இது, மருந்து வுட்டுக்கினு அழுவுறா."

"தங்கச்சிக்கு இதுக்குகூட சினிமா வேணும்போல."

நைனா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"அவளுக்கு தண்ணி வராதும்மா. அது நோவு. எம் பொண்டாட்டிக்கும் அதே நோவுதான். அவ அண்ணன் சாவுல நீங்கெல்லாம் கல்லுன்னீங்க. நானும் வாய மூடிக்கினு இருந்தேன். அவங்க ரத்தத்துல கீது அது. நாளைக்கு எம் பொண்ணுக்கும் வரலாம். யாரும் அழுவலன்னா இனிமே இன்னா ஏதுன்னு கேளுங்க. பேசாதீங்க."

வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில், ஊர் கூடியிருக்கும் இடத்தில், ஒரு தகப்பன் சொல்லக் கூடாததை அவர் சொல்லிவிட்டார் என்று பந்தலில் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரியும். யாரோ மேளக்காரர்களை அடிக்கச் சொன்னார்கள்.

கருமாதி முடிந்த பிறகு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு வீட்டார், இப்போது நாள் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். நைனா என் முகத்தைப் பார்த்தார். "சோறு போடட்டுமா நைனா?" என்று கேட்டேன். போடச் சொன்னார்.

இப்போது நிலைமை இது. அம்மா இல்லை. சின்னம்மாவுக்கு மாத்திரையும் சொட்டு மருந்தும் தொடர்கின்றன. கை மேலும் கெடவில்லை. என் கண்ணிலும் காகிதம் வைத்துப் பார்த்தார்கள். நனைந்தது. ரத்தத்தில் அந்த நோயைச் சுட்டும் ஒரு குறி லேசாக இருக்கிறது. அது நோய் இல்லை, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ரத்த உறவு பற்றிய கேள்வியை மறுபடி கேட்டபோது நைனா என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் பதில் சொன்னேன். தாய்மாமா, கழுத்தில் கட்டி, என்னவென்று தெரியாது. அம்மா, கண்ணீர் வறளும் நோய், அதன் பிறகு ரத்தப் புற்றுநோய், இறந்துவிட்டார். சின்னம்மா, முடக்குவாதம், சிகிச்சையில் இருக்கிறார்.